ஆமென் என்பது கையெழுத்து

நான் வாயைத் திறப்பதற்கு முன்பே கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்ட, இந்தக் கூட்டத்தின் தலைவர், மரியாதைக்குரிய மூப்பர் அவர்களே! இந்தப் புத்தாண்டிலும் எங்களைப் பொறுத்துக்கொள்ள இசைந்திருக்கும் போதகர் ஐயா அவர்களே! எங்களோடு சேர்த்து அவரையும் பொறுத்துக்கொள்ளும் போதகரம்மா அவர்களே! முன்வரிசையில் முத்துக் கோத்தாற்போல் வீற்றிருக்கும் மூத்தோர்களே! மடியில் பிள்ளையும் மனத்தில் அடுப்பும் வைத்துக்கொண்டு வந்திருக்கும் மாண்புமிகு தாய்மார்களே! பேச்சு நீண்டால் நழுவிவிடத் தோதாகக் கதவோரம் இடம் பிடித்திருக்கும் தந்தைமார்களே! பாட்டுக் குழுவின் பைந்தமிழ்க் குயில்களே! உங்கள் அனைவருக்கும் நம் ஆண்டவரின் அன்பின் பெயரால் இந்த எளியவளின் புத்தாண்டு வணக்கம்.

எனக்குத் தந்த தலைப்பு, 'புத்தாண்டும் புது நம்பிக்கையும்'. நல்ல தலைப்பு. சென்ற ஆண்டும் இதே தலைப்புத்தான். அதற்கு முந்தைய ஆண்டும் இதுவேதான். ஆண்டு மாறுகிறது, தலைப்பு மாறவில்லை. பேசுகிறவர் மாறுகிறார், தூங்குகிறவர்கள் மாறவில்லை. சிரிக்காதீர்கள். நான் சிரிக்கவைக்க இங்கே ஏறவில்லை. சலித்துப்போய் ஏறியிருக்கிறேன். சமையலறையில் தனியாகப் பேசிப் பேசிச் சுவருக்கே காது புளித்துவிட்டது. அதனால்தான் இந்த மேடை.

நம் சபையில் ஒரு வழக்கம் இருக்கிறது. புத்தாண்டு காலை ஆராதனை முடிந்ததும் ஒரு தகர டப்பா சுற்றி வரும். அதற்குள் சிறு சிறு அட்டைகள். ஒவ்வோர் அட்டையிலும் ஒரு வாக்குத்தத்த வசனம். கண்ணை மூடிக் கையை விட்டு எடுத்தால், அந்த ஆண்டு முழுவதும் ஆண்டவர் நமக்குத் தரும் வார்த்தை அது. அருமையான வழக்கம்! அந்த அட்டைகளை வெட்டி, ஓரம் கத்தரித்து, எழுத்துப் பிழை பார்த்து அடுக்குகிறவள் நான்தான். ஆகவே அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் எடுத்த பிறகு நடக்கிறதே ஒரு கூத்து!

"உனக்கு என்னடி வந்திருக்கு?"

"செழிப்பு. உங்களுக்கு?"

"பொறுமை. போன வருஷமும் பொறுமைதான். இந்த வீட்ல என்னைத் தவிர யாருக்குமே அது வராதா? மாத்திக்கலாமா?"

"ஐயோ அத்தை, எனக்கு எதுக்கு? அது உங்களுக்குத்தான் சரியா இருக்கும்!"

மாமியாரும் மருமகளும், ஆலய வாசலில், ஆண்டவரின் வார்த்தையை வைத்துக்கொண்டு, அளவு சரியில்லாத சட்டையைக் கடையில் மாற்றுவதுபோல! போன புத்தாண்டில் நான் கண்ணால் பார்த்தேன். பெயர் சொல்ல மாட்டேன். அவர்களே சிரித்துக் காட்டிக்கொடுத்துவிட்டார்கள், மூன்றாம் வரிசையில்.

இதாவது விளையாட்டு. இனி நான் சொல்லப் போவது விளையாட்டு இல்லை.

என் தம்பியை உங்களுக்குத் தெரியும். வெல்டிங் வேலை செய்கிறவன். இந்த ஆலயத்துச் சன்னல் கம்பிகள் அவன் கைவேலை. சென்ற ஆண்டின் நடுவில், ஒரு கட்டடத்துக் கூரையில் இரும்புச் சட்டம் பற்றவைக்கும்போது, நின்றிருந்த சாரம் சரிந்து விழுந்தான். வலது தொடை எலும்பு முறிந்து, முழங்காலும் நசுங்கியது. அறுவைச் சிகிச்சை செய்து உள்ளே கம்பி வைத்தார்கள். "இத்தனை வருஷம் ஊருக்கெல்லாம் நான் கம்பி வச்சேன், இப்ப எனக்கே வச்சுட்டாங்கக்கா" என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு சிரித்தான். அவ்வளவு தெம்பு அவனுக்கு.

வீட்டுக்கு வந்தபின் காலுக்குப் பயிற்சி தர ஒரு பிசியோதெரபி அம்மா வந்துகொண்டிருந்தார். கண்டிப்பானவர். அவர் முழங்காலை மடக்கும்போது என் தம்பி போடும் சத்தம் தெருமுனை வரை கேட்கும். "சார், கத்துங்க, பரவால்ல. ஆனா காலை மட்டும் இழுத்துக்காதீங்க" என்பார். கத்திக் கத்தியே முன்னேறினான். கட்டிலிலிருந்து எழுந்து, வாக்கரைப் பிடித்து, கதவு வரை போனான். "இப்படியே விடாம செஞ்சா ஏணி ஏறலாம். விட்டுட்டீங்கன்னா மூட்டு இறுகிடும், அப்புறம் நான் வந்தும் பயனில்ல" என்று அந்த அம்மா தெளிவாகச் சொல்லியிருந்தார். தெளிவாக! தமிழில்! எல்லார் காதிலும் விழும்படி!

இந்த நிலையில்தான் நம் சபையின் சந்திப்புக் குழு அவன் வீட்டுக்குப் போனது.

படுக்கையில் இருப்பவர்கள் புத்தாண்டு அன்று ஆலயத்துக்கு வர முடியாது அல்லவா? அவர்கள் மனம் வாடக்கூடாது என்று, ஆண்டின் கடைசி மாதம் தொடங்கும்போதே வீடு வீடாக டப்பாவைக் கொண்டுபோவது நம் வழக்கம். குழுவுக்குத் தலைவர் நம் 'ஆமென் மாமா'. யாரென்று கேட்கிறீர்களா? ஜெபத்தில் மற்றவர்கள் மூச்சு வாங்கும் இடத்தில்கூட ஆமென் சொல்கிறவர் நம்மிடையே வேறு யார் இருக்கிறார்கள்? இதோ முதல் வரிசையில் அமர்ந்திருக்கிறார். இந்தக் கதையைச் சொல்லலாமா என்று முன்கூட்டியே கேட்டேன். "சொல்லும்மா, ஒண்ணும் குறைக்காதே" என்றார். எனக்குக் குறைக்கத் தெரியாது என்பதும் அவருக்குத் தெரியும்.

தம்பி டப்பாவுக்குள் கையை விட்டான். அட்டையை எடுத்தான். நடப்பதைப் பற்றிய ஒரு வசனம்!

அவ்வளவுதான். அறை அதிர்ந்தது. மாமா எழுந்து நின்று இரு கைகளையும் உயர்த்தி, "தம்பி! இது கர்த்தர் போட்ட தேதி! புது வருஷம் பொறக்குற அன்னைக்குக் காலைல நீ கட்டில விட்டு எழுந்து நடப்பே!" என்று முழங்கினார். கூடியிருந்த அத்தனை பேரும் "ஆமென்!" சொன்னார்கள். அட்டையில் தேதி இருந்ததா? இல்லை. காலை என்று இருந்ததா? இல்லை. அதை வெட்டியவள் நான், எனக்குத் தெரியாதா என்ன இருந்ததென்று? அன்று நான் அங்கே இல்லை. இருந்திருந்தால் மாமா இவ்வளவு நீளமாகப் பேசியிருக்க மாட்டார்.

மறுநாள் பிசியோதெரபி அம்மா வந்தார். என் தம்பி போர்வையை இழுத்துக் காலை மூடிக்கொண்டான்.

"இனிமே வேண்டாம்மா. புது வருஷத்துல நடக்கப் போறேன்."

"சந்தோஷம் சார். அதுக்குத்தான பயிற்சி?"

"இல்லம்மா. கர்த்தர் நடக்க வைக்கிறேன்னு சொல்லிட்டாரு. இப்ப நான் பயிற்சி செஞ்சா, அவர நம்பாத மாதிரி ஆயிடும்."

அந்த அம்மா அவனைப் பார்த்தார். அவன் மனைவியைப் பார்த்தார். பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அவன் மனைவியைச் சொல்ல வேண்டும். வாடகை வீட்டின் முன்னறையில் தையல் மெஷின் போட்டு, அவன் விழுந்த நாளிலிருந்து குடும்பத்தை இழுத்துக்கொண்டிருப்பவள். அதிர்ந்து பேசாதவள். என்னிடம் ஓடிவந்தாள். "அக்கா, நீங்களாவது சொல்லுங்கக்கா. நான் சொன்னா, அவிசுவாசம் பேசாதேன்னு சுவர் பக்கம் திரும்பிக்கிறாரு."

போனேன். சொன்னேன். கெஞ்சினேன். "டேய், இரும்ப ரெண்டு துண்டா வச்சுட்டு, ஒட்டிக்கோன்னு ஜெபம் பண்ணுவியாடா? பத்தவைக்க மாட்டியா?" என்று கத்தினேன். அவன் என்ன சொன்னான் தெரியுமா? "அக்கா, உனக்கு எல்லாத்துலயும் கணக்குப் பாத்தே பழக்கம்" என்றான். எனக்கு எப்படி இருந்திருக்கும்? அந்த மாதம் முழுவதும் அவன் கால் நீட்டினது நீட்டினபடி கிடந்தது. வாக்கர்மேல் துணி காயப் போட்டார்கள். போகிறவர்கள், வருகிறவர்கள் எல்லாரும், "இன்னும் கொஞ்ச நாள்தான் தம்பி! ஆமென்!" என்று சொல்லி, அவள் போட்டுக் கொடுத்த டீயைக் குடித்துவிட்டுப் போனார்கள். அத்தனை ஆமென்! அத்தனை டீ!

இந்தப் புத்தாண்டு காலை விடிந்தது.

நான் ஆராதனைக்கு வரவில்லை; 'ஏன் வரல?' என்று பிறகு பலர் கேட்டீர்கள். தம்பி வீட்டுக்குப் போயிருந்தேன். அவன் நடப்பான் என்று போகவில்லை. விழுவான் என்று போனேன். போய்ப் பார்த்தால், சவரம் செய்து, தலைவாரி, மனைவி தைத்துக் கொடுத்த புதுச் சட்டை போட்டுக் கட்டிலில் உட்கார்ந்திருக்கிறான். ஷூவைக்கூடத் துடைத்துக் கீழே வைக்கச் சொல்லியிருக்கிறான். முகத்தில் ஓர் ஒளி. அன்பார்ந்தவர்களே, அந்த முகத்தைப் பார்த்தபிறகு எனக்குத் திட்ட வாய் வரவில்லை. "முதல்ல ஏதாவது சாப்பிடு" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுக்களைக்குள் போனேன். பால் பொங்கும் சத்தம். அடுத்து, அறைக்குள் ஒரு பெரிய சத்தம்.

யாரையும் கூப்பிடாமல் எழுந்திருக்கிறான். யாரையும் பிடிக்காமல் நின்றிருக்கிறான். ஓர் அடிகூட எடுக்கவில்லை. தரையில் கிடந்தான். ஓடிப்போய்த் தூக்கினோம், நல்ல வேளை, எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அவன் எழுந்து உட்காரச் சம்மதிக்கவில்லை. "விடுக்கா. கர்த்தருக்கு என்னை வேண்டாம்போல" என்றான். காலுக்கு அழாதவன் அதற்கு அழுதான்.

கேளுங்கள் சகோதரிகளே! ஒரு முழங்கால் இறுகிப்போனது ஒரு துயரம். ஒரு மனிதனின் விசுவாசம் இறுகிப்போனால்? அதற்கு எந்த ஆஸ்பத்திரிக்குப் போவது? அதற்குள் எந்தக் கம்பியை வைப்பது?

அன்று மாலை ஆமென் மாமாவும் குழுவினரும் வந்தார்கள். செய்தி கேட்டு வந்தார்கள். தம்பி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். மாமா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, "தம்பி, கர்த்தர் பொய் சொல்ல மாட்டாரு. எங்கேயோ உன் விசுவாசத்துல ஒரு குறை இருந்திருக்கு" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள், முன்னறையில் மெஷின் நின்றது. கழுத்தில் அளவு நாடா தொங்க, என் தம்பி மனைவி வந்து கதவில் நின்றாள். நான் சொன்னேனே, அதிர்ந்து பேசாதவள். அன்றும் அதிர்ந்து பேசவில்லை.

"மாமா, நீங்க காலைல எங்க இருந்தீங்க?"

"ஆராதனையிலம்மா."

"ஆராதனை முடிஞ்சு?"

"வீட்டுக்கு... சாப்பாட்டுக்கு ஆள் வந்திருந்தாங்க."

"இவரு நடப்பாருன்னு நம்பியிருந்தா, பாக்க வந்திருக்க மாட்டீங்களா மாமா? எங்க தெருவே தாங்காதே! அத்தனை பேரு ஆமென் சொன்னீங்க. நடக்கறதப் பாக்க ஒருத்தர்கூட வரல. ஒருத்தர்கூட! ஏன்னா உங்க யாருக்கும் நம்பிக்கை இல்ல. நீங்க சொன்னத நம்பினது இந்தச் சபையிலேயே இவரு ஒருத்தர்தான். அவரப் பாத்தா குறைன்னு சொல்றீங்க?"

என்ன, இங்கேயும் சத்தம் அடங்கிவிட்டது? அந்த அறையிலும் இப்படித்தான் அடங்கியது. மாமா வாயைத் திறந்தார், மூடினார். அவர் வாழ்நாளில் ஆமென் வராத முதல் தருணம் அது. மாமா, நீங்களே சிரிக்கிறீர்கள், நன்றி.

சுவர்ப்பக்கம் திரும்பியிருந்தவன் மெல்லத் திரும்பினான். அவன் பார்த்தது மாமாவை அல்ல, மனைவியை. கல்யாணமான நாளிலிருந்து அவள் இவ்வளவு பேசி அவன் கேட்டதில்லை. "நான் மட்டுமா நம்பினேன்?" என்றான், ஏதோ பரிசு கிடைத்த பிள்ளையைப்போல. "ஆமா. நம்பினது தப்பில்ல. காலை ஆட்டாம கிடந்ததுதான் தப்பு. இப்ப அந்தம்மாவக் கூப்பிடவா, வேண்டாமா?" என்றாள்.

கூப்பிடச் சொன்னான்.

பிசியோதெரபி அம்மா மறுநாள் வந்து காலைத் தொட்டுப் பார்த்தார். முகம் மாறியது. ஒரு மாதத்தில் மூட்டு இறுகிவிட்டது. முன்பு பட்ட வலியைவிட அதிக வலி பட வேண்டும். விடாமல், ஒரு நாள் தவறாமல், காலையும் மாலையும், இருபுறமும் இரண்டு பேர் தாங்கிப் பிடித்து எழுப்பி நிறுத்த வேண்டும். பிடித்தால் ஒருவேளை நடப்பான். விட்டால் இந்தக் கால் இப்படியே. அவன் இனி எந்தக் கூரைமேலும் ஏற மாட்டான். "யார் ரெண்டு பேர் சார்?" என்று அந்த அம்மா கேட்டார்.

மாமா அந்த அறையில்தான் நின்றிருந்தார். யாரும் அழைக்காமல் அன்று காலையிலேயே வந்திருந்தார். ஒரு வசனம் சொல்லவில்லை. ஒரு ஜெபம் செய்யவில்லை. போய் இடப்பக்கம் நின்று முழங்கையைப் பிடித்துக்கொண்டார். வலித்த வலியில் என் தம்பி அவரை என்னென்ன சொல்லித் திட்டினான் என்பதை இந்தப் புனிதமான மேடையில் சொல்ல முடியாது. மாமா விடவில்லை. "திட்டு, திட்டு, நிமிந்து நின்னுகிட்டுத் திட்டு" என்றார். சபையோரே, அதுதான் நான் இத்தனை ஆண்டுகளில் கேட்ட மிகச்சிறந்த ஜெபம்!

என்னைக் கணக்குக்காரி என்று கேலி செய்வீர்கள். செய்யுங்கள். கணக்கு எழுதுகிறவளுக்கு ஒன்று தெரியும். கையெழுத்துப் போட்டவர் பொறுப்பு. ஆமென் என்பது என்ன? ஜெபத்தின் கடைசியில் வரும் மூச்சா? எழுந்து போகலாம் என்பதற்கான மணியோசையா? அது கையெழுத்து! 'அப்படியே ஆகட்டும்' என்று பிறர் துன்பத்தின் அடியில் நாம் போடும் கையெழுத்து! போட்டுவிட்டுப் பேனாவை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட உட்கார முடியுமா? முடிகிறதே நம்மால்! எத்தனை ஆண்டுகளாக முடிகிறது! வேலை போனவனுக்கு ஆமென், அவனுக்காக ஓரிடத்தில் ஒரு வார்த்தை பேச மாட்டோம். தனித்து வாழ்கிறவளுக்கு ஆமென், அவள் கதவைத் தட்ட மாட்டோம். படுக்கையில் கிடப்பவனுக்கு ஆமென், அவன் முழங்கையைப் பிடிக்க மாட்டோம்!

நம் ஆண்டவர் அப்படியா இருந்தார்? மேலே இருந்துகொண்டு நல்ல வார்த்தைகளாக நாலு அட்டை எழுதித் தூவியிருக்கலாமே? யார் கேட்டிருப்பார்கள்? இல்லை அன்பார்ந்தவர்களே, இறங்கி வந்தார். பசித்தார். களைத்தார். தூசியில் நடந்தார். தொடக்கூடாதவர்கள் என்று ஊர் ஒதுக்கியவர்களைத் தொட்டார். போன வாரம்தானே அவர் பிறப்பைப் பாடினோம், இந்தக் கூரை பறக்கப் பாடினோம்? சொன்ன சொல்லுக்குச் சதையும் எலும்புமாய் அவரே வந்து நின்றதைத்தானே பாடினோம்? பாடிவிட்டு, நாம் மட்டும் அட்டையை அனுப்பிவைத்தால் எப்படி?

தலைவர் அவர்கள் மணியை எடுக்கிறார்கள். ஐயா, முடித்துவிடுகிறேன். முடிக்கும் இடம்தான் முக்கியம்.

மாமாவுக்கும் வயதாகிறது, அவருக்கே முழங்கால் வலி. என் தம்பி மனைவி ஒருபுறம் பிடித்தால் மெஷின் நிற்கிறது. மெஷின் நின்றால் வீடு நிற்கிறது. ஆகவே இந்தப் புத்தாண்டுக் கூட்டத்தில் நான் கேட்பது ஒன்றுதான். வேண்டாம், வேண்டாம், கை தட்டாதீர்கள். எனக்குக் கை வேண்டும். காலைக்கு ஆள் வேண்டும், மாலைக்கு ஆள் வேண்டும்.

யாரது, பாட்டுக் குழுவில்? எழுந்து நின்று சொல்லுங்கள் தம்பி.

"காலைல எனக்கு ஷிப்ட் இருக்குக்கா. சாயங்காலம் நான் வரேன். ஒழுங்கா வரேன்."

மாலைக்கு ஓர் ஆள். கட்டைக் குரல் பாடுகிறவர், கனம் தாங்குவார். வேறு? அங்கே தூணோரம்? சத்தமாகச் சொல்லுங்கள், அம்மா.

"எனக்கு ஆளைத் தூக்கப் பலம் இல்ல. ஆனா அவ தைக்கிற துணிக்குப் பட்டன் வச்சுக் குடுப்பேன். அவ அந்த நேரத்துல புருஷனப் பிடிச்சுக்கட்டும்."

இதுவும் கைதான் தாயே! இதுவும் கையெழுத்துத்தான்! கதவோரத் தந்தைமார்களே, நீங்கள் ஏன் தரையைப் பார்க்கிறீர்கள்? அங்கே என்ன வசனம் எழுதியிருக்கிறது? சரி, ஒரு கை உயர்கிறது. இன்னொன்று. பார்த்துவிட்டேன், இனி இறக்க முடியாது.

கிளம்பும்போது தம்பி கேட்டான், "கூட்டத்துல என்னப் பத்தி என்னக்கா சொல்லப் போற? நடப்பான்னு சொல்லுவியா?" என்று. இல்லைடா என்றேன். நீ நடப்பாயா என்று எனக்குத் தெரியாது. அது அவருக்குத் தெரியும், அவரிடம் விட்டிருக்கிறேன், தினமும் கேட்டுக்கொண்டும் இருக்கிறேன். எனக்குத் தெரிந்தது, நாளைக் காலை நான் வருவேன் என்பது மட்டும்தான். அவன் வாக்கரைக் கட்டிலருகே இழுத்து வைத்துக்கொண்டான். பிறகு, "அதையே சொல்லு. அது போதும்" என்றான்.

சொல்லிவிட்டேன்.

பொறுமையாகக் கேட்ட தலைவருக்கும், கோபித்துக்கொள்ளாத மாமாவுக்கும், இவ்வளவு நேரம் அழாதிருந்த பிள்ளைகளுக்கும், உயர்ந்த கைகளுக்கும், இன்னும் உயராமல் யோசித்துக்கொண்டிருக்கும் கைகளுக்கும் என் நன்றி. புத்தாண்டு உங்கள் இல்லங்களில் சமாதானமாய் மலரட்டும். தையல் மெஷின் சத்தம் கேட்கும் வீடு. காலையில் கதவு திறந்தே இருக்கும். அங்கே சந்திப்போம். கர்த்தருக்கு ஸ்தோத்திரம், உங்களுக்கு வணக்கம்.